அந்த வீட்டில் யாருக்கும் வயது ஏறாது

ஜூன் 4

மருமகளுக்கு,

உன் கடிதம் வந்தது. போன் செய்தால் குரலைக் கேட்டதும் வைத்துவிடுவேன் என்று தெரிந்துதான் எழுதியிருக்கிறாய். கெட்டிக்காரிதான்.

குழந்தை விளையாடிய கேமைப் புதுக் கம்ப்யூட்டருக்கு மாற்ற வேண்டும், அனுப்புங்கள் என்கிறாய். அவள் போன பிறகு நீங்கள் இரண்டு பேரும் வீட்டைக் காலி செய்த அன்று, அவளுடைய தலையணை உறை வரைக்கும் வண்டியில் ஏற்றினாய். அவளுடைய இந்தப் பழைய கம்ப்யூட்டர் பெட்டியைக் காட்டி, "அந்தக் குப்பை எதுக்கு அத்தை? நீங்களே வெச்சுக்கோங்க" என்றாய். வாசல்படியில் ஒரு கால், வெளியே ஒரு கால். எனக்கு எதுவும் மறக்காது.

அந்தக் குப்பையைத்தான் தினமும் போட்டுப் பார்க்கிறேன். எங்கே அமுக்க வேண்டும் என்று அவள் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். அதில் அவள் கட்டிய வீட்டில் நாம் நாலு பேரும் இருக்கிறோம். என் கொண்டையும் பூப்போட்ட சேலையும் அவளே வரைந்து சேர்த்தது. உனக்கு அந்த நீலப் புடவை. அவளுக்கு ரெட்டைப் பின்னல், பச்சைச் சட்டை. சும்மா விட்டாலே நடக்கிறார்கள், சாப்பிடுகிறார்கள், தூங்குகிறார்கள். "இந்த வீட்ல யாருக்கும் வயசே ஏறாது பாட்டி. ஏறினா நீ செத்துப் போயிடுவே. அதான் நிறுத்தி வெச்சிருக்கேன்" என்பாள்.

பெட்டி இப்போது உறுமுகிறது. அது நின்றுவிடுமோ என்ற பயத்தில்தான் சம்மதிக்கிறேன், உனக்காக இல்லை.

உன் மாமியார்


ஜூன் 19

அன்புள்ள அத்தைக்கு,

பென்டிரைவ் வந்தது. அவர் ஆபீஸ் போன பிறகு தனியாகப் போட்டுப் பார்த்தேன். வீடு திறந்தது அத்தை. ஆனால் சுவரில் அவள் வரைந்த படம் ஒன்றுகூட இல்லை. நாம் நாலு பேரும் மொட்டைத் தலையோடு, ஒரே மாதிரி சாம்பல் உடையில் நிற்கிறோம். அவளும்தான். கடைசி வாரம் ஆஸ்பத்திரியில் எப்படி இருந்தாளோ அப்படியே. திரும்பி என்னைப் பார்த்தாள். நான் எழுந்து சமையலறைக்கு ஓடிவிட்டேன்.

என் மேல் கோபம் இருக்கலாம். அதற்காக அவள் முடியையும் சட்டையையும் எடுத்து வைத்துக்கொண்டா அனுப்புவீர்கள்?

உங்கள் மருமகள்


ஜூன் 27

மருமகளே,

நன்றாக இருக்கிறது நியாயம். அவள் முடியை நான் எடுத்து வைத்துக்கொள்வேனா? ஆஸ்பத்திரியில் அவளுக்கு மொட்டை அடித்த அன்று கீழே விழுந்த முடியை யார் பொறுக்கினார்கள் என்று உன் வீட்டுக்காரனைக் கேள்.

பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்த கம்ப்யூட்டர் கடைக்கார அம்மாவிடம் போய்ச் சண்டை போட்டேன். அவர் சிரிக்கிறார். "பாட்டி, நான் விளையாட்டை மட்டும்தான் எடுத்தேன். அந்தப் பொண்ணு தானா செஞ்சு சேர்த்தது எல்லாம் தனி ஃபோல்டர்ல இருக்கு. அதையும் அங்க அதே இடத்துல போடணும்" என்றார். முடி, சட்டை, சுவர்ப் படம் எல்லாம் அதில்தானாம். இதோ, இந்தப் பென்டிரைவில் இருக்கிறது.

அதை எடுத்து முடித்த கையோடு பெட்டி நின்றுவிட்டது. இனி எழுப்ப முடியாதாம். நேற்றுச் சாயங்காலம் பழக்கத்தில் அதன் முன்னால் போய் உட்கார்ந்தேன். கறுப்புக் கண்ணாடியில் என் முகம்தான் தெரிந்தது. அவள் உன்னிடம்தான் இருக்கிறாள். பத்திரம்.

அத்தை


ஜூலை 15

அன்புள்ள அத்தைக்கு,

அன்று எழுதியதை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். வைத்துக்கொள்வீர்கள், தெரியும்.

ஃபோல்டரைப் போட்டதும் ரெட்டைப் பின்னல் வந்துவிட்டது. தினமும் பார்க்கிறேன். இப்போது அவரும் பின்னால் நாற்காலி போட்டு உட்காருகிறார்.

ஆனால் முந்தாநாள் அவள் திடீரென்று வளர்ந்துவிட்டாள் அத்தை. என் உயரம். நான் பெற்றவளை நேருக்கு நேர் பார்த்தேன். வயது ஏறாமல் அவள் நிறுத்தி வைத்தது இந்தக் கம்ப்யூட்டருக்கு வரவில்லை போலிருக்கிறது. கொஞ்ச நேரத்தில் நீங்கள், அந்த வீட்டு நீங்கள், அடுப்படியில் அப்படியே சரிந்து விழுந்தீர்கள். தோட்டத்தில் ஒரு கல்லறைக் கல் முளைத்தது. அவள் அதன் முன்னால் நின்று முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். சேமிக்காமல் படக்கென்று அணைத்துவிட்டேன். மறுபடி திறந்தால் பழையபடி சின்னப் பெண்ணாக இருக்கிறாள், நீங்களும் இருக்கிறீர்கள். ஆனால் ஓடவிட்டால் திரும்பவும் அதேதான் நடக்கும்.

வயதை எங்கே நிறுத்துவது? எத்தனை தேடியும் கிடைக்கவில்லை. உங்களுக்கு ஞாபகம் இருக்கும். உடனே எழுதுங்கள்.

உங்கள் மருமகள்


ஜூலை 22

அம்மாடி,

அந்த இடம் எனக்குத் தெரியும். அவள் அமுக்கும்போது பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். ஆனால் சொல்ல மாட்டேன்.

எனக்காக நிறுத்தி வைத்தாள் அவள். அந்த வீட்டில் என்னைப் பிடித்து வைத்தாள். இந்த வீட்டில் என்ன நடந்தது? நான் குத்துக்கல்லாக இருக்க, அவளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அன்றிலிருந்து உன் மேல் கோபம், டாக்டர் மேல் கோபம், பெற்ற பிள்ளை மேலும் கோபம். அந்த வீட்டிலாவது முறைப்படி நடக்கட்டும். கிழவி முதலில் போகட்டும். பேத்தி நின்று அழட்டும். அவள் உன் உயரத்துக்கு வளரட்டும். நீ கண்ணாரப் பார்.

இனிமேல் அணைக்காதே. சேமித்து வை.

ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள், அவளே எனக்குச் சொன்னது. அழுகிற நாளில் அவள் தானாகச் சாப்பிட மாட்டாள். கல்லுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பாள். நீதான் கூப்பிட்டு மேசையில் உட்கார வைக்க வேண்டும்.

உன் அத்தை