சிவப்பு சுவிட்ச்

அக்டோபர் 9

இன்றும் வெந்நீர்க் குழாயில் செம்மண் நிறத்தில்தான் தண்ணீர் வந்தது. அழுகிய முட்டை நாற்றம் வேறு. உடம்பு துடைத்துவிடும்போது அவர் மூக்கைச் சுளித்தார். வாய்தான் போயிற்று, மூக்கு நன்றாக வேலை செய்கிறது. "உங்க டிரெய்லரு, உங்க ஹீட்டரு. எந்திரிச்சு வந்து பாருங்க" என்றேன். பக்கவாதத்தில் கிடக்கிற புருஷனிடம் பேசுகிற பேச்சா இது? ஆனால் பேசாமலே இருந்தால் இந்தத் தகரப் பெட்டிக்குள் எனக்கும் வாய் போய்விடும்.

அக்டோபர் 12

கிடங்கு மேனேஜர் பர்கத்துல்லா வந்தார். வாசற்படியிலேயே நின்று தொப்பியைக் கையில் சுழற்றினார். நல்ல செய்தி என்றால் உள்ளே வந்து டீ கேட்டிருப்பார்.

"சாந்தாக்கா, படம் எடுக்குறவங்க வண்டியப் பாக்க வர்றாங்க. ஷூட்டிங் நாள்ல மட்டும் இழுத்துட்டுப் போவாங்களாம். மத்த நாள் வண்டியும் இங்கதான், நீங்களும் இங்கதான். ஆனா சுடுதண்ணி வரணும்னு கண்டிசனாச் சொல்லிட்டாங்க. வரலேன்னா ஊ சோ தெய்ன் இதை மொஹிங்கா நூடுல்ஸ் கடைக்காரன் ஒருத்தனுக்கு வித்துருவாரு. வெட்டி கடை ஆக்கிருவான்."

ஊ சோ தெய்ன்தான் கிடங்கு முதலாளி. ஊரை விட்டுப் போன ஒரு வெளிநாட்டு இன்ஜினியர் இந்த டிரெய்லரை அவர் தலையில் கட்டிவிட்டுப் போனான். என் வீட்டுக்காரர் கிடங்கில் மெக்கானிக். எல்லாவற்றையும் ஓடுகிற நிலையில் வைத்திருந்தால் அதிலேயே குடியிருக்கலாம் என்று பேச்சு. ரங்கூன் போட்டாதாங்கில் ஆற்றுக் காற்றோடு ஒரு வீடு என்று அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை.

படுத்துவிட்ட மெக்கானிக்கை ஊ சோ தெய்ன் இதுவரை வெளியே போகச் சொல்லவில்லை. அதுவே பெரிது. இனி எல்லாம் ஹீட்டர் கையில்.

அக்டோபர் 13

மழை முடிந்ததும் வருஷாவருஷம் ஹீட்டர் தொட்டியை வடித்துக் கழுவுவார். நான் டார்ச் பிடித்திருக்கிறேன், அவ்வளவுதான். இன்று பக்கத்தில் உட்கார்ந்து, "மொதல்ல எதைக் கழட்டணும்?" என்று கேட்டேன். இடது கையால் காற்றில் திருகிக் காட்டினார். அடியில் ஒரு திருகு. சரி. அதற்கு முன்னால் ஏதோ காட்டினார், புரியவில்லை. மறுபடி காட்டினார். களைத்துப்போய்க் கண்ணை மூடிக்கொண்டார்.

நானும் விட்டுவிட்டேன்.

அக்டோபர் 16

எழுதக் கை வரவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

நேற்றிலிருந்து கரண்டு இல்லை. ஹீட்டர் நன்றாக ஆறிக் கிடந்தது, இதுதான் நேரம் என்று இறங்கினேன். வெளிப்பக்கத்து மூடியைத் திறந்து, தண்ணீர் வரும் வழியை அடைத்து, மேல் வால்வைத் தூக்கிவிட்டு, அடித் திருகை ஸ்பேனரால் கழற்றினேன். துருவும் சுண்ணாம்புமாகக் கொட்டியது. திருகோடு வந்த கம்பி மென்று துப்பிய கரும்பு போல இருந்தது. துருவை எல்லாம் தன்மேல் வாங்கிக்கொண்டு தொட்டியைக் காப்பாற்றுகிற கம்பி அது. அவர் பெட்டியில் புதிது ஒன்று எடுத்து வைத்திருந்தார். என் மனிதர் அப்படித்தான்.

உள்ளே அவர் "ம்ம்... ம்ம்" என்று சத்தம் கொடுத்தபடி இருந்தார். எட்டிப் பார்த்தேன். இடது கை சுவரைக் காட்டியது. ஃபேன் கேட்கிறார் என்று நினைத்தேன். "கரண்டே இல்ல, ஃபேன் எங்கேருந்து சுத்தும்? சும்மா கெடங்க" என்று கத்திவிட்டு வேலைக்குத் திரும்பினேன்.

ரங்கூனில் கரண்டு போனால் யார் சுவிட்சை அணைக்கிறார்கள்? வரும்போது பிடித்துக்கொள்ள வேண்டும் என்று மோட்டார், ரைஸ் குக்கர், போன் சார்ஜர் எல்லாம் போட்டபடியே கிடக்கும். அணைத்து வைத்த வீட்டில் தண்ணீரும் ஏறாது, சோறும் வேகாது. பிறந்ததிலிருந்து பழகிய பழக்கம்.

தொட்டி காலியாக இருந்தது. தெருவே "மீ லா ப்யீ!" என்று கத்தியது. கரண்டு வந்தால் இந்த ஊரில் எல்லோருக்கும் திருவிழாதான். நானும் சிரித்தேன். "இந்தா, வந்துடுச்சு உங்க ஃபேன்" என்றேன். ஃபேன் சுற்றியது. அவர் கை இறங்கவில்லை. அப்புறம்தான் கருகிய வாசனை வந்தது.

ஃபேன் சுவிட்சுக்குக் கீழே ஒரு சிவப்பு சுவிட்ச். ஹீட்டருடையது. அதைத்தான் காட்டியிருக்கிறார். தொட்டியில் தண்ணீர் இல்லாமல் உள்ளேயிருக்கிற சூடாக்கும் காயில் ஓடினால் எரிந்துபோகும். அதைத்தான் மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார், பாவி நான், ஃபேன்னு நெனச்சேன்.

உள்ளே போனபோது கை இன்னும் மேலேதான் இருந்தது. நான்தான் பிடித்து இறக்கினேன். அவர் அழுதார். எனக்காகவா, வீட்டுக்காகவா? கேட்டால் சொல்ல முடியுமா அவரால்.

அக்டோபர் 18

கியாக்டடாக் கடைத்தெருவில் ஒரு கடை விடாமல் ஏறி இறங்கினேன். எரிந்துபோன காயிலைப் பையிலிருந்து எடுத்து எடுத்துக் காட்டினேன். எல்லாக் கடையிலும் ஒரே பதில், "மஷீபூ". இல்லை, இல்லை, இல்லை. ஒருவர் மட்டும் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்து, இது நம் ஊர் மரை இல்லை அம்மா, வெளியிலிருந்துதான் வர வேண்டும், இப்போது எதுவும் வருவதில்லை என்றார். சூலே பகோடா பக்கம் பஸ்ஸுக்கு நிற்கும்போது அந்தக் காயிலைத் தூக்கி எறிந்துவிடலாமா என்று தோன்றியது. எறியவில்லை. அவர் கேட்பார்.

அக்டோபர் 20

தீபாவளி. கரி அடுப்பில் வெந்நீர் போட்டு, அவருக்கு எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டினேன். தலையில் ஊற்றும்போது கண்ணை மூடிக்கொண்டு சுகமாக இருந்தார். அதைப் பார்த்ததும் எனக்கு ஒரு யோசனை வந்தது. நல்ல யோசனை இல்லை.

அக்டோபர் 23

செய்துவிட்டேன். எரிந்த காயிலையே மறுபடி மாட்டி ஓட்டையை அடைத்தேன். காலையில் பானை பானையாகத் தண்ணீர் கொதிக்கவைத்து, மேல் வால்வைக் கழற்றிப் புனல் வைத்துத் தொட்டியை நிரப்பினேன். கையில் கொப்புளம். படக்காரர் வந்து குழாயைத் திறந்தார். தண்ணீர் தெளிவாக, சுடச்சுட வந்தது. "காவுன்டே" என்றார். நல்லா இருக்காம். பர்கத்துல்லா என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் மாரியம்மாவை நினைத்துக்கொண்டு சிரித்தேன்.

அந்த மனிதர் குழாயை மூடவில்லை. பேசிக்கொண்டே விரலை நீட்டிப் பிடித்திருந்தார். சூடு, வெதுவெதுப்பு, அப்புறம் பச்சைத் தண்ணீர். கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு என் கைக் கொப்புளத்தைப் பார்த்தார். செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கிப் போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலை.

"நான் என்னக்கா செய்ய?" என்று பர்கத்துல்லா வெளியே நின்று கேட்டார். நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம் தம்பி. நான் செய்ததே போதும்.

அக்டோபர் 30

க்யிம்யிண்டைங் பேட்டைக்கு வந்துவிட்டோம். இவர் தங்கை ராதா வீட்டுப் பின்னறை. ஜன்னல் இல்லை. மொஹிங்கா கடைக்காரன் டிரெய்லரை இழுத்துப் போகும்போது நான் பார்க்கவில்லை. அவர் பார்த்தார், டாக்ஸியில் கழுத்தைத் திருப்பித் திருப்பி.

நவம்பர் 6

சாயங்காலம் கரண்டு போனது. அவர் கை மேலே எழுந்து சுவரைக் காட்டியது. இங்கே ஹீட்டரும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ஒரு பல்பு, ஒரு ஃபேன். எழுந்து போய் இரண்டையும் அணைத்தேன். கை இறங்கியது.

"என்ன அண்ணி, கரண்டு வந்தா எப்படித் தெரியும்?" என்றாள் ராதா.

"தெருவுல கத்துவாங்கல்ல" என்றேன்.

இனி தினமும் இப்படித்தான். அவர் சொல்வார், நான் அணைப்பேன். இத்தனை நாள் கழித்து எங்களுக்குள் ஒரு பேச்சு.

நவம்பர் 17

ஆஸ்பத்திரி. இது இரண்டாவது தாக்கு என்றார் டாக்டர். வீட்டுக்கே கூட்டிப் போகச் சொல்லிவிட்டார்.

நவம்பர் 21

கரண்டு போனது. அவர் கையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பாயில் வைத்தது வைத்தபடி கிடந்தது. தெருவில் "மீ லா ப்யீ" என்று கத்தத் தொடங்கும் முன் எழுந்து இரண்டு சுவிட்சையும் அணைத்தேன். "அணைச்சிட்டேங்க" என்றேன்.