முன் சக்கரத்தில் ஆட்டம்

திருவண்ணாமலை,
ஞாயிறு.

அன்புள்ள என்னவருக்கு,

வேதா எழுதுவது. இங்கே நானும் வண்டியும் நலம். உங்கள் நலம்தான் தெரியவில்லை. போன் அடிக்கிறது, நீங்கள் எடுப்பதில்லை. உங்கள் கூட்டாளி அர்பாஸின் மாமா அடுத்த வாரம் அங்கே மஸ்கட்டுக்குத் திரும்புகிறார். அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

சென்னைப் பக்கம் ரேஸ் டிராக்கில் ஓட்ட நம் காரை அர்பாஸ் கேட்டார். நீங்கள் போனதிலிருந்து ஷெட்டிலேயே நிற்கும் வண்டி, அப்படியே கொடுக்க மனம் வரவில்லை. ஜாக்கி வைத்துத் தூக்கி, முன் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசைத்துப் பார்த்தேன். இடது பக்கம் ஆட்டம் இருந்தது. சக்கரத்தைத் தாங்கும் பால் ஜாயின்ட்டின் ரப்பர் கிழிந்து, கிரீஸ் எல்லாம் மண்ணாகியிருந்தது. இதோடு அவர் வேகமாக வளைவில் திரும்பியிருந்தால் சக்கரமே கழன்றிருக்கும்.

பௌர்ணமிக் கூட்டத்தில் பஸ் ஏற முடியவில்லை. கூட்டம் கலைந்த பிறகு வேலூர் போய்ப் புதிது வாங்கிவந்து மாட்டினேன். தேய்ந்துபோன பிரேக் பேடுகளையும் மாற்றி, கறுத்திருந்த பிரேக் ஆயிலை இறக்கிப் புதிது ஊற்றினேன்.

பிரேக் குழாயில் சிக்கிய ஏரை எடுக்கத்தான் துணைக்கு ஆள் இல்லை. நீங்கள் கீழே படுத்துத் திருகைத் திறந்து மூட, பெடலை மிதித்தது எப்போதும் நான்தானே. இந்த முறை கீழே நான். பக்கத்து வீட்டு சந்திரம்மாள் அக்கா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஏறி உட்கார்ந்து மிதித்தார். நடுவில், "உன் வூட்டுக்காரரு எப்ப வராராம்?" என்று கேட்டார். காதில் விழாததுபோல், "இன்னொரு வாட்டி மிதிங்கக்கா" என்றேன்.

முந்தாநாள் அர்பாஸ் பத்திரமாக ஓட்டித் திரும்பினார். பிரேக் பிடித்தால் வண்டி சொன்ன இடத்தில் நிற்கிறதாம். சாவியைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார். பிறகு, "வளவன் அண்ணன் இனிமே இங்க வரமாட்டாரு போல. வண்டிய நானே வாங்கிக்கட்டுமா அண்ணி?" என்றார்.

உங்களோடு பேசினாரா என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார். அவர் போனை மட்டும் எடுக்கிறீர்கள் என்று புரிந்தது. தர முடியாது என்று சொல்லி சாவியை வாங்கிக்கொண்டேன்.

எனக்குக் கோபமில்லை. அங்கே வெயில் ஜாஸ்தி என்கிறார்கள். தலைவலியோடு வேலைக்குப் போகாதீர்கள், வேளைக்குச் சாப்பிடுங்கள். வண்டி இனி வேண்டாம் என்றால், அதை மற்றவர் மூலம் சொல்லாதீர்கள். உங்கள் வாயால் என்னிடம் சொல்லுங்கள்.

எங்கே இருந்தாலும் அண்ணாமலையார் உங்களை நன்றாக வைத்திருக்கட்டும்.

இன்னும் உங்கள்,
வேதா