ஜப்பான் கார்ட்டூனும் உன் போனும்

தாராவி,
ஞாயிறு, மத்தியானம்.

செல்ல மகள் ஷாலினிக்கு உன் அப்பா செல்லப்பாண்டி. இங்கே எல்லாரும் நலம் என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். அந்த வரியை இந்தக் கடிதத்தில் எழுதப்போவதில்லை. ஏன் என்று மேலே படித்தால் உனக்கே புரியும்.

வாராவாரம் போனில் பேசுகிறோமே, அப்புறம் எதற்குத் தபால் என்று நினைப்பாய். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் நீ நல்லாயிருக்கேம்ப்பா என்று முடித்துவிடுகிறாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. உன்னைத் தமிழ் ஸ்கூலில் போட்டது இதற்காவது உதவட்டும்.

மழை இன்னும் இறங்கவில்லை. அம்மா தகரத்தின் மேல் மோர்மிளகாய் காயப்போட்டுவிட்டுக் காக்காயோடு சண்டை போடுகிறாள். உன் தம்பி மாரிக்கண்ணன் மாஹிமில் ஒரு கூரியர் ஆபீசில் சேர்ந்துவிட்டான். காலையில் எழுப்பத்தான் நாலு பேர் வேண்டும், மற்றபடி ஒழுங்காகப் போகிறான்.

விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு ஒரு கிறுக்கு பிடித்திருக்கிறது. நீ ஜப்பானுக்கு முதியோர் இல்லத்து வேலைக்குப் போன புதிதில், என் பிள்ளை நடக்கிற தெரு எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசையாக இருந்தது. தொண்ணூறடி ரோட்டில் மொபைல் ரிப்பேர் கடை வைத்திருக்கிறானே பேச்சிராஜா, அவனிடம் ஜப்பான் தெரு, ரயில், வீடு எல்லாம் தெரிகிற மாதிரி சினிமா இருந்தால் என் போனில் ஏற்றிக் கொடு என்றேன். திறந்து பார்த்தால் எல்லாம் கார்ட்டூன். எனக்கு வந்த ஆத்திரத்தில் கடைக்கே போய், ஏலே, ஐம்பது தாண்டினவனுக்குப் பொம்மைப் படமா தாரே என்று கத்தினேன். அவன் சிரித்துக்கொண்டே, சித்தப்பா, இது சின்னப் பிள்ளையளுக்கு எடுத்தது இல்ல, பெரிய ஆளுவளுக்கு, பாத்துட்டு வந்து ஏசுங்க என்றான்.

முதல் படத்தைப் பார்த்த அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. எலி ஓடும், பூனை துரத்தும், மலையிலிருந்து விழுந்தவன் தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்திருப்பான். எனக்குத் தெரிந்த கார்ட்டூன் அதுதான். இதில் வருவது ஒரு வயசான தையல்காரர். பெண்டாட்டி போய்ச் சேர்ந்துவிட்டாள். அவர் தினமும் இரண்டு கிண்ணத்தில் சோறு வைக்கிறார். ஒன்றைச் சாப்பிட்டுவிட்டு மற்றதை மூடி வைத்து ராத்திரிக்குத் தின்கிறார். சண்டை இல்லை, பாட்டு இல்லை. கடைசியில் ஒருநாள் அலமாரியிலிருந்து ஒரே ஒரு கிண்ணத்தை எடுத்தார், படம் முடிந்துவிட்டது. நான் உட்கார்ந்த இடத்திலேயே தேம்பிவிட்டேன். என்னைப் பெற்றவர் செத்தபோதுகூட ஆள்கள் முன்னால் அழாதவன் நான். பென்சிலில் போட்ட மனுசனுக்கு அழுகிறோமே, புத்தி கித்தி பிசகிவிட்டதா என்று எனக்கே பயமாகிவிட்டது.

அதற்குப் பிறகு விட முடியவில்லை. பேச்சிராஜா ஏற்றித் தரத்தர பார்க்கிறேன். வேலை போனதை வீட்டில் சொல்லாமல் தினமும் டை கட்டிக்கொண்டு பார்க்கில் போய் உட்காருகிற ஒருவன். புருசன் அடிப்பதை மறைக்க வெயிலிலும் கழுத்தில் துணி சுற்றிக்கொள்கிற ஒருத்தி. இதையெல்லாமா கார்ட்டூனில் வரைவார்கள்? ஒவ்வொன்றும் மண்டையில் அடித்த மாதிரி இருக்கிறது, ஆனாலும் மறுபடி அவன் கடையில் போய் நிற்கிறேன். சிலதில் ஹிந்தி பேசுகிறார்கள். சிலதில் அந்த ஊர்ப் பேச்சேதான், ஒரு எழவும் புரியாது. அதையும் விடுவதில்லை.

அம்மா முதலில், அந்தச் சவத்தைத் தூக்கிப் போட்டுட்டு வேலையைப் பாருங்க, பேரன் எடுக்குத வயசுல பொம்மை பாக்கியளே என்று ஏசினாள். இப்போது அவளும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறாள். கதையெல்லாம் அவளுக்கு வேண்டாம். அடுப்படி வந்தால் நிறுத்தச் சொல்வாள், அரிசி எங்கே வைக்கிறார்கள் என்று பார்ப்பாள். ரயில் ஸ்டேஷன் வந்தால் கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகத் தேடுவாள். அந்தப் பச்சைக் குடைக்காரி நடை நம்ம பிள்ளை நடைதான் என்று ஒருநாள் சண்டைக்கே வந்துவிட்டாள். வரைந்த படத்தில் நீ எப்படி வருவாய்? சொன்னால் கேட்டால்தானே.

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டு இரண்டு பேரும் ஒரு படம் வைத்தோம். ஹிந்தி இல்லாத படம். ஊரைவிட்டுப் பெரிய டவுனுக்கு வேலைக்கு வந்த ஒரு பெண். லாண்டரியில் துணி மடிக்கிறாள். நம் ஒற்றை அறைக் கோளியில் பாதிகூட வராத ஒரு ரூம். ராத்திரி அம்மா போன் பண்ணுகிறாள். இந்தப் பெண் தரையில் உட்கார்ந்து, வாயைக் கையால் துடைத்துக்கொண்டு, சிரித்த குரலில் பேசுகிறாள். முகம் முழுக்கக் கண்ணீர். குரலில் ஒரு பிசிறு இல்லை, ஷாலினி. அவள் பேசியதில் எங்களுக்கு ஒரே ஒரு சொல்தான் தெரிந்தது. தைஜோபு. நீ சொல்லிக்கொடுத்தாயே, ஒண்ணுமில்லை, நல்லாத்தான் இருக்கேன் என்று அர்த்தம் என்று. ஒவ்வொரு தடவை பேசும்போதும் நாங்கள் கேட்கக் கேட்க நீ சிரித்துக்கொண்டே சொல்வாயே, அதே சொல். அவள் அழுதுகொண்டே அதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறாள்.

அம்மா என் கையிலிருந்து போனைப் பிடுங்கி நிறுத்தினாள். ஏங்க, நம்ம பிள்ளையும் இப்படித்தான் சொல்லுதாளோ என்றாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சினிமாவைப் பார்த்து உளறாதே என்று கத்திவிட்டு வெளியே போய்விட்டேன். தெருமுனை வரைதான் போக முடிந்தது.

கேமரா வைத்து எடுத்த படமாக இருந்தால், நடிகை கண்ணில் ஏதோ ஊற்றி அழுகிறாள் என்று விட்டுவிடுவேன். இது அப்படி இல்லையே. ஒருத்தன் உட்கார்ந்து ஒவ்வொரு சொட்டாக வரைந்திருக்கிறான். ஊரில் நடக்காததை ஒருத்தன் இவ்வளவு மெனக்கெட்டு வரைவானா? அங்கே எத்தனை ரூமில் எத்தனை பிள்ளைகள் இப்படிப் பேசுகிறதைப் பார்த்திருந்தால் அந்த முகம் அவன் கையில் வந்திருக்கும்? தெருமுனையில் நின்று யோசித்தபோதுதான் எனக்கு உறைத்தது. நீ வீடியோவில் வந்து எத்தனையோ மாதம் ஆகிவிட்டது. கேமரா கெட்டுப்போச்சு என்கிறாய். அதே போனில் பூத்த மரத்தைப் படம் எடுத்து அனுப்புகிறாய். இவ்வளவு முட்டாளாகவா நான் இருந்திருக்கிறேன்.

திரும்பி வந்தபோது அம்மா அந்தக் காட்சியையே மறுபடி ஓட்டிக்கொண்டிருந்தாள். அழுதுகொண்டுதான் இருந்தாள், ஆனால் வேறு ஒன்றைக் காட்டினாள். அந்த அம்மாளும் பொய்தான் சொல்லுதா, எங்க உக்காந்து பேசுதான்னு பாருங்க என்றாள். முதல் தடவை நான் கவனிக்கவே இல்லை. படத்தில் பாதித் திரையில் மகள், மற்ற பாதியில் அம்மா. அம்மாக்காரி சாப்பாட்டுக் கடை வைத்திருந்தவள். அந்தக் கடை மூடியாகிவிட்டது. நாற்காலியெல்லாம் மேஜைமேல் கவிழ்த்துக் கிடக்கிறது, லைட் இல்லை. அவளும் சிரித்த குரலில் தைஜோபு என்றுதான் சொல்கிறாள். உன் அம்மா என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

ஆகவே நான் சொல்லிவிடுகிறேன். தீபாவளிக்குப் பிறகு ஆர்டர் இல்லாமல் ஜெயினுலாப்தீன் பாய் பட்டறையை மூடிவிட்டார். நான் இப்போது பை தைக்கவில்லை. சான்பாடாவில் ஒரு பில்டிங்கில் வாட்ச்மேன், பகல் டியூட்டி. சயானில் ரயில் ஏறிக் குர்லாவில் மாறிப் போகிறேன். அந்தத் தையல்காரருக்காக நான் அழுதது அங்கே கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற கேபினில்தான். செக்ரட்டரி ஜம்பு சார் பதறிப்போய், என்ன செல்லப்பாண்டி, ஊர்ல யாருக்காவது ஏதாவது ஆயிடுத்தா என்று கேட்டார். கார்ட்டூன் சார் என்றேன். மனுசன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு லிஃப்டில் ஏறிவிட்டார். என்னப்பா, பின்னால மிஷின் சத்தமே கேக்கலையே என்று ஒருநாள் நீ கேட்டாய். சாப்பாட்டு நேரம் என்று சொன்னேன். அது பொய்.

தெரிந்தால் நீ என்ன கஷ்டம் வந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு அங்கேயே கிடப்பாய் என்று பயந்து மறைத்தேன். இப்போது சொல்லும்போதும் அதே பயம்தான். அதனால் நன்றாகக் கேட்டுக்கொள். நானும் மாரிக்கண்ணனும் கொண்டுவருவதில் இந்த வீடு நடக்கிறது. நீ எங்களைத் தாங்க வேண்டியதில்லை. அந்த வேலை உனக்குப் பிடித்திருந்தால் இரு, சந்தோஷமாக இரு. பிடிக்காவிட்டால், யாராவது உன்னை ஒரு சொல் தப்பாகச் சொல்லியிருந்தால், தனியாகக் கிடந்து முடியவில்லை என்றால், கிளம்பி வா. யார் என்ன கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

இது உன் கைக்கு வர எத்தனை நாள் ஆகுமோ தெரியாது. அதுவரை நீ நல்லாயிருக்கேம்ப்பா என்று சொன்னால் நானும் சரி தாயி என்றுதான் கேட்டுக்கொள்வேன். வேறு வழி இல்லை. கிடைத்த பிறகு அப்படி ஆரம்பிக்காதே.

சுடலைமாடன் உனக்கு முன்னாலும் பின்னாலும் துணை நிற்பான். அம்மா எழுதச் சொன்னது ஒன்று இருக்கிறது. அழ வேண்டும் போல இருந்தால் போனை வைத்துவிட்டு அழாதே. வைக்காமல் அழு. நாங்கள் எதுவும் கேட்கமாட்டோம், நீ முடிக்கிற வரைக்கும் இந்தப் பக்கம் இருப்போம்.

உன் அப்பா,
செல்லப்பாண்டி