ஆறாவது பேட்ஜ்

ஏங்க,

"கெழவங்க கூட்டத்துல எனக்கு இன்னா வேல?" என்று நேற்று நான் மன்றப் பேச்சை எடுத்ததுமே முந்திக்கொண்டு கேட்டீர்கள். "நீங்க மட்டும் இன்னா, புது மாப்பிள்ளையா?" என்றேன். அதோடு இருவரும் பேசவில்லை.

இன்று நான்கு மணிக்கு அபிராமபுரத்தில் எங்கள் ஓய்வு பெற்றோர் மன்றத்துக்குப் புதிதாக ஐந்து பேர் வருகிறார்கள்! வரவேற்பு என் பொறுப்பு. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. டீக்கு, பாட்டுக்கு, சுற்றுலாவுக்கெல்லாம் பொறுப்பாளர் கிடைத்தாயிற்று. கேரமுக்கு மட்டும் ஆளில்லை.

தொழுதுவிட்டு வந்ததும் சாப்பிடுங்கள். இடியாப்பம் ஹாட்பாக்ஸில். குருமாவைச் சூடு பண்ணிக்கொள்ளுங்கள்.

நஸ்ரு

பி.கு.: உங்கள் கேரம் போர்டின் மேல் பாருங்கள். ஐந்து பேருக்கு ஆறு பேட்ஜ் எழுதினேன். ஆறாவதில் 'வலியுல்லா, கேரம் பொறுப்பாளர்' என்றிருக்கும். வலது கைக்கும் இடது கைக்கும் போட்டி வைத்துத் தனியாக ஆடியது போதும். நீங்கள் ரிடையரான நாளிலிருந்து கேட்க நினைத்து, கேட்காமலே இருந்தேன்.

என்கூட வாங்க.