பதினொண்ணாவது தாள்

சிலமலை,
ஞாயித்துக்கெழமை.

என் ஆத்தா முத்துப்பிரியாவுக்கு அம்மா எழுதிக்கிறது. நானும் உங்கப்பாவும் இங்க ஒரு கொறையும் இல்லாம இருக்கோம், நீ நல்லா இருக்கியான்னு கேட்டா இருக்கேன்னுதான் சொல்லுவ, ஆனா போன்ல பாத்தேன், கன்னம் ஒட்டிப் போயிக் கெடக்கு, அந்த நார்வே குளிர்ல வெறும் ரொட்டியத் தின்னுட்டு ஆராய்ச்சி பண்ணுனா ஒடம்பு என்னத்துக்காகும், ஒழுங்காச் சோறு வடிச்சுச் சாப்பிடு. உங்கப்பா போடியில மூட்டை தூக்குற ஏலக்காய்க் கடையில ஒருத்தர் பாக்கி இல்லாமச் சொல்லிட்டாரு, எம்மக உலகக் குடிமக்கள் கல்வின்னு யுனிவர்சிட்டியில ஆராய்ச்சி பண்றான்னு. அப்பிடின்னா என்ன அண்ணேன்னு கூட மூட்டை தூக்குற வேலுச்சாமி கேட்டிருக்கான், அடுத்த நாட்டுக்காரனையும் நம்மாளா நெனைக்கப் பள்ளிக்கூடத்துல எப்பிடிச் சொல்லிக் குடுக்குறதுன்னு பாக்குறாடான்னு தலையில இருந்த மூட்டைய எறக்காமலே பேசிக்கிட்டு நின்னிருக்காரு மனுசன். நான் மட்டும் சும்மாவா, ஏலத் தோட்டத்துக்கு வேலைக்குப் போற ஜீப்புல தெனமும் உன் பேச்சுத்தான்.

அந்தப் பெருமையில நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன் ஆத்தா. போன்ல சொல்ல வாய் வரல, அதான் எழுதுறேன். நல்லா வையி, வஞ்சு முடிச்சிட்டு மிச்சத்தையும் படி. போன மாசம் பன்னெண்டு கேள்வி அனுப்பி, தோட்டத்துக்கு என்கூடக் காய் எடுக்க வர்ற பத்துப் பொம்பளைககிட்டக் கேட்டு எழுதி அனுப்பச் சொன்னியே, நான் ஜீப்பு போடிமெட்டு ஏறுறதுக்குள்ள எல்லாத்துக்கும் விடை சொல்லிக் குடுத்துட்டேன். உங்க ஊரும் பாஷையும் சேராத ஒரு ஆளு கஷ்டத்துல இருந்தா உங்களுக்குப் பொறுப்பு உண்டான்னு கடைசியா ஒரு கேள்வி இருந்துச்சே, எல்லாரும் உண்டுன்னு சொல்லுங்கடி, இல்லைன்னா எம்மகளுக்குப் பட்டம் குடுக்க மாட்டாகன்னு மெரட்டிட்டேன், பாவிக அப்பிடியே சொன்னாளுக. எனக்குத் தெரிஞ்சது பரிச்சை ஒண்ணுதான, கேள்வின்னா சரியான விடை ஒண்ணு இருக்கும்னு நெனச்சிட்டேன்.

நீ என்னடான்னா பத்துக்குப் பத்தும் உண்டுன்னு வந்திருக்கும்மா, இதை வச்சு ஒரு அத்தியாயமே எழுதப் போறேன்னு போன்ல துள்ளிக் குதிக்கிற. எனக்கு அன்னைக்குச் சோறு எறங்கல. ஆறாப்புல கணக்குக்கு மூணு மார்க்கு கூடப் போட்டுட்டாகன்னு டீச்சர்கிட்டப் போயிக் கொறைச்சிட்டு வந்தவ நீ. பொழைக்கத் தெரியாத கழுதைன்னு அப்ப வஞ்சேன், உள்ளுக்குள்ள எனக்கு எம்புட்டுப் பெருமைன்னு உங்கிட்டச் சொன்னதே இல்ல. அந்தப் புள்ளையப் போயி நானே பொய் எழுத வைக்கிறதா?

அதான் இந்த வாரம் ஒவ்வொருத்தியாத் தனியா உக்கார வச்சு, மார்க்கும் இல்ல மண்ணும் இல்ல, மனசுல உள்ளதைச் சொல்லுன்னு திரும்பக் கேட்டேன். ஆறு பேரு இல்லைன்னுட்டாளுக. என் வீட்டுச் சோலியே தலைக்கு மேல கெடக்கு, இதுல ஊரு பேரு தெரியாதவனுக்கு வேறயான்னா சந்திரவல்லி. வடக்க இருந்து வந்தவுக கொறைச்ச கூலிக்கு நிக்கிறதால எனக்கு வாரத்துல ரெண்டு நாள் வேலை இல்லைன்னு பானுப்பிரியா அழுதுட்டா. ஒண்ணையும் மாத்தல, அவுக சொன்னபடியே ஆளுக்கொரு தாள்ல எழுதி இதோட வச்சிருக்கேன். உன் கைடுகிட்ட, எங்கம்மா பண்ணுன தப்புன்னே சொல்லிரு, அத்தியாயம் போனாப் போகுது.

பதினொண்ணாவதா ஒரு தாளு இருக்கும், அது என்னோடது, நீ கேக்காமலே எழுதுனேன். போன வருசம் கேட்டிருந்தா நானும் இல்லைன்னுதான் சொல்லியிருப்பேன். தை மாசம் அங்க உனக்குக் காய்ச்சல் கண்டப்ப கீழ்வீட்டம்மா மூணு நாளு கஞ்சி மாதிரி என்னமோ காச்சிக் கொண்டாந்து குடுத்தாகன்னு சொன்னியே, அவுகளுக்கு நம்ம ஊரும் தெரியாது பாஷையும் தெரியாது. செவ்வாக்கெழமை தோட்டத்துல மழையில நனைஞ்சு ஜார்க்கண்டுப் பொண்ணு ஒருத்தி காய்ச்சலோட நடுங்கிக்கிட்டு நின்னா, உன் வயசுதான் இருக்கும். என் தூக்குவாளிக் கஞ்சிய அவளுக்கு ஊத்திக் குடுத்துட்டு வந்துதான் உண்டுன்னு எழுதுனேன். இந்த விடைய எனக்கு யாரும் சொல்லிக் குடுக்கல.

நீ நூறு வருசம் நல்லா இருக்கணும், நெனைச்சதெல்லாம் உன் கைக்கு வரணும். ஏலக்காய் ரெண்டு பொட்டலம் வச்சிருக்கேன், ஒண்ணு கீழ்வீட்டம்மாவுக்கு, மறந்துறாத.

இப்படிக்கு,
பத்துப் பேருக்கு விடை சொல்லிக் குடுத்து மாட்டிக்கிட்ட உன் அம்மா,
அமுதவள்ளி