சுவருக்கு அந்தப் பக்கம் போன கேபிள்

ஜூன் 1, ஞாயிறு. சின்னமனூர்

என் பழைய கணினியில் இன்னொரு நெட்வொர்க் கார்டு போட்டு, ஜன்னல் வழியாக அண்ணன் வீட்டுக்குக் கேபிள் விட்டேன். புது இணைப்புக்குத் தெருப் பெட்டியில் இப்போது இடமில்லை என்கிறது என் கம்பெனி. இரு வீட்டு நடுச்சுவரைத் தாண்டினால் வைஃபை விட்டுவிட்டு வருகிறது. இனி என் கணினி ஓடினால்தான் அவருக்கு இணையம்.

கேட்டவர் மதினி மாயக்காள். அண்ணன் அல்ல. இருபத்திரண்டு வருடமாகப் பேச்சில்லை; இடுப்பெலும்பு முறிந்து படுத்தும் வாய் திறக்கவில்லை.

"தேவயானி ஜெர்மனியில ஒத்தையில கெடக்கா, தம்பி. ஞாயித்துக்கிழமையானா அப்பனும் மகளும் துப்பாக்கி விளையாட்டு. போன்ல ‘சாப்டியா’வுக்கு மேல பேச்சு வராது. துப்பாக்கியக் குடுத்தா ஊர்க்கதை பூராம் வருது."

"அந்தக் கதைக்கு நான் கம்பி இழுக்கணுமாக்கும்?"

"இழுங்க. காலேசுல படிச்ச படிப்பு இதுக்காச்சும் ஆகட்டும்."

ஜூன் 8

ஒற்றைச் செங்கல் சுவர். அதை ஒட்டித்தான் அண்ணன் கட்டில்; மகளிடம் பேசுவதெல்லாம் கேட்கிறது.

"ஏ ஆத்தா, மாடியில ஒருத்தன் நிக்கான், குனி. கர்ணன் வீட்டு எருமை கன்னு போட்ருச்சு... சுடு, சுடு."

அவர் சிரித்து நான் கேட்டு எத்தனை காலம்?

ஜூன் 15

மலைக்காற்று. காப்பியோடு சுவரோரம் உட்கார்ந்தேன். ஒட்டுக்கேட்பதல்ல. என் வீடு.

ஜூன் 22

தேவயானி என்னைப் பற்றிக் கேட்டிருப்பாள் போல.

"ஒஞ் சித்தப்பனா? வாத்தியாருக்கு என்ன குறை, மாசமானா சம்பளம் வருது."

அதே பேச்சு. 2003 வறட்சியில், பொதுக் கிணற்றில் என் முறை நாளன்று மோட்டார் அறையைப் பூட்டினார். காய்ப்பில் இருந்த என் திராட்சைக் கொடி கருகியது. கேட்கப் போனேன். "வாத்தியாருக்கு எதுக்குத் தண்ணி, சம்பளம் வருதுல்ல." தெருவே சிரித்தது.

கணினியை அணைத்தேன்.

"ஆத்தா? ஏ ஆத்தா, கேக்குதா?"

கொஞ்ச நேரம் கூப்பிட்டார். பிறகு இல்லை. நிறைவாக இருக்க வேண்டுமே — ஏன் இல்லை?

ஜூன் 23

கணினியைப் போட்டுவிட்டேன். யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஜூன் 29, ஞாயிறு

காலையிலிருந்தே கணினி ஓடுகிறது. அந்தப் பக்கம் சத்தமில்லை. மாலையில் கேபிளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு மதினி வந்தார்.

"வேற கம்பெனியில போட்டாச்சு, தம்பி. கட்டிலையும் முன்ரூமுக்கு மாத்தியாச்சு. இனி ஒங்களுக்குத் தொந்தரவு வேணாம்னு சொல்லச் சொன்னாக."

"கோவமா இருக்காரா?"

"கோவமா? கரெண்டு போயிருச்சுன்னுதேன் புள்ளைட்ட போன்ல சொன்னாக. அப்பத் தலைக்கு மேல ஃபேன் சுத்திக்கிட்டு இருக்கு."

கேபிளை வாங்கிக்கொண்டேன்.

ஜூலை 6, ஞாயிறு

அந்த விளையாட்டைக் கணினியில் இறக்கினேன். தனியாகவா, கூட்டாகவா என்று கேட்டது. கூட்டாக என்றால் ஆளின் பெயரைக் கொடுக்க வேண்டுமாம். விளையாட்டில் அண்ணன் என்ன பெயரில் இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. மதினியிடம் கேட்கலாம். நாலு எட்டு.

வாசல்வரை போய்ச் செருப்பை மாட்டினேன். கழற்றிவிட்டு வந்து, தனியாக என்பதை அழுத்தினேன்.