ஏழாம் சுரங்கத்துக் காற்று

நாள் 41, காலை
எழுதுவது செல்லக்கனி. நிலாச் சுரங்கக் குடியிருப்பில் காற்றுக் குழாய்களைப் பார்த்துக்கொள்பவள். ஐந்தாம் வகுப்புவரைதான் படிப்பு. பிழை இருந்தால் பொறுக்கவும். எல்லாக் குழாயிலும் அழுத்தம் சரி.
நேற்று ஏழாம் சுரங்கத்தின் வாய் இடிந்தது. உள்ளே என் வீட்டுக்காரர் இசக்கியும் கூட்டாளிகளும். அடுத்த வாரம் விபத்தில்லா ஆண்டு விழா. ஒலிபெருக்கியில் சொன்னார்கள்: "ஏழாம் சுரங்கத் தோழர்கள் நிலாவின் மறுபக்கத்துக்கு மாற்றப்பட்டுள்ளனர். வதந்தி பரப்பும் வீட்டு வரிசைக்குக் காற்று பாதியாகும்."

நாள் 41, மாலை
எங்கள் வரிசைப் பெண்கள் சர்க்கரை கொண்டுவந்தார்கள். பக்கத்து வீட்டு ரெஜினா அக்கா என் வாயில் போட்டாள். "மாற்றல் கிடைச்சிருக்கு. சிரிட்டி கனி, கேமரா பார்க்குது."
சிரித்தேன்.

நாள் 42, இரவு
காலையில் ஏழாம் குழாயில் தட்டும் சத்தம். இரண்டு தட்டு, கொஞ்சம் விட்டு இரண்டு. வேலை முடிந்து கிளம்பும்போது 'உலை வை' என்று அவர் எனக்குத் தட்டுவது அப்படித்தான். உயிரோடு இருக்கிறார். இயந்திரத்தை வைத்துத் தோண்டினால் எடுத்துவிடலாம்.
ரெஜினா அக்காவிடம் ஓடினேன்.
"எலியா இருக்கும்."
"நிலாவுல ஏதுக்கா எலி?"
"இல்லன்னா உண்டாக்கிக்கோ. எம் பிள்ளைங்களும் மூச்சு விடணும்லா."
மாலையில் வரிசை முழுக்கப் பிள்ளைகளை உட்காரவைத்து, தட்டுவது கேட்காதபடி சத்தமாகப் பாடவைத்தார்கள். என் மகள் முகிலாவும் பாடினாள்.

நாள் 43, மதியம்
பொறுக்கமுடியாமல் ஸ்பேனரால் பதில் தட்டிவிட்டேன். உடனே அந்தப் பக்கம் நிறையக் கைகள் தட்டின. ஆள் வருகிறது என்று நினைத்துவிட்டார்கள். நான் என்ன செய்துவிட்டேன்.

நாள் 44, காலை
கண்காணிப்பாளர் தனபாலன் ரேடியோவில்: "செல்லக்கனி, ஏழாம் குழாயில கசிவு. வால்வை மூடிடு."
"ஐயா, உள்ள ஆளுங்க தட்டுறாங்க."
"யாரும் இல்ல. இருந்தா அது விபத்து. விபத்து இல்லன்னு மேல சொல்லியாச்சு. முகிலா எந்த வகுப்பு?"
"ரெண்டாவது ஐயா."
"நல்லாப் படிக்கட்டும். உன் வீட்டுக் காத்து வால்வும் அதே அறையிலதானே இருக்கு?"

நாள் 45, காலை
வால்வு இறுகிப்போயிருந்தது. என்னால் திருப்ப முடியவில்லை. முடியவில்லையா, மனம் வரவில்லையா, தெரியாது. ரெஜினா அக்காவும் மற்றவர்களும் வந்து நின்றார்கள். தடுக்கத்தான் வந்தார்கள் என்று நினைத்தேன்.
அக்கா என் கைமேல் கை வைத்தாள். "நீ ஒருத்தியா செஞ்சா தாங்கமாட்டட்டி. திருப்பு."
எல்லாரும் சேர்ந்து திருப்பினோம். கைவளையல்கள் இரும்பில் உரசின.

நாள் 45, மதியம்
தட்டிக்கொண்டே

நாள் 45, மாலை
இல்லை.

நாள் 46, காலை
முகிலா கேட்டாள்: "அப்பா எப்பம்மா வருவாவ?" மாற்றல் என்று சொன்னேன். குரல் நடுங்கவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.
ரெஜினா அக்காவின் சின்னவளுக்கு மூச்சிழுப்பு. அக்கா யாரிடமும் கேட்கவில்லை. வீட்டுக்கு வீடு தங்கள் பங்குக் காற்றைக் குறைத்து அந்தப் பிள்ளைக்குத் திருப்பிவிடச் சொன்னார்கள். நானும் என் பங்கில் கொடுத்தேன். இதைப் படிப்பவர்களே, நாங்கள் அப்படிப்பட்டவர்கள்தான்.
பிள்ளை இப்போது நன்றாக மூச்சு விடுகிறது.
ஏழாம் குழாயில் அழுத்தம் பூஜ்ஜியம்.